பிக்கப்: சேத்தியாத்தோப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லின் வாலில் 'அப்', 'ஆஃப்', 'ஆன்', 'அவுட்' என்று ஏதேனும் ஒரு துணுக்கைக் கட்டிவிட்டால் அது முன்பின் தெரியாத பொருளைத் தரத் தொடங்கிவிடும். ஆங்கிலம் கற்கும் அந்நியர்களை அதிகம் வதைப்பது இதுதான் என்று சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே அனுதாபப்பட்டிருக்கிறார். நோயைக் கண்டறிந்து 170 ஆண்டுகள் கழித்தே அதற்குரிய பெயர் பரவியது. 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித் தம் நூலில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று எழுதினார். பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி. இந்த மூவரும் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பை அறிந்தவர்கள் அல்லர். அறிந்திருந்தால் ஜான்சனின் அனுதாபம் பாதியாகக் குறைந்திருக்கும். அந்த ஊரில் 'பிக்கப்' என்னும் ஃப்ரேசல் வெர்ப்பைப் பஸ் ஏறுகிறவரும் பஸ் ஓட்டுகிறவரும், டூவீலர் மெக்கானிக்கும் துணிக்கடைக்காரரும் எந்த வதையுமின்றிப் புழங்குகிறார்கள். அவர்கள் அதை ஆங்கிலேயரைவிடத் துல்லியமாகப் புழங்குகிறார்கள் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சான்றுகள். சென்னை–கும்பகோணம் சாலையும் சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சேத்தியாத்தோப்புக் குறுக்குரோட்டில் இச்சொல்லின் முழு விளைச்சலும் கிடைக்கும். ஆம்னி பஸ்காரர் அந்த இடத்தையே 'பிக்கப் பாயிண்ட்' என்கிறார். அங்கே பை, தலையணையுடன் நிற்பவர், "நம்மள பிக்கப் பண்ணிக்கச் சொல்லுங்க சார்" என்று போனில் மன்றாடுகிறார். எதிரே பட்டறையில், "ஸ்டார்ட்டிங் நல்லாத்தாண்ணே இருக்கு, பிக்கப்தான் இல்ல" என்கிறார் வண்டியை விட வந்தவர். துணிக்கடையில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தும் வியாபாரம் இன்னும் பிக்கப் ஆகவில்லை. டீக்கடையில், முதல் நாள் படுத்துவிட்ட படம் மூன்றாம் நாள் பிக்கப் ஆகிவிட்டது. சந்தைக்குப் போகும் காய்கறி மூட்டை 'பிக்கப்'பில் ஏறுகிறது. ஒரு வாலிபர் இன்னொரு வாலிபரைப் பற்றி, "மச்சான் பிக்கப் பண்ணிட்டான்டா" என்று பொறாமையோடு சொல்கிறார். ஆள், எஞ்சின், வியாபாரம், சினிமா, லாரியின் தம்பி, காதல் என ஒரே சொல் ஆறு இடத்தில் ஆறு வேலை பார்க்கிறது.

இதைப் பார்த்தவுடன், ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பல பொருள் உண்டு, எல்லாம் அப்படியே தமிழுக்கு வந்துவிட்டன என்று அகராதிப் பழக்கமுள்ளவர்கள் கோப்பை மூடிவிடுவார்கள். எல்லாம் வரவில்லை என்பதுதான் இங்கே விஷயம். ஆங்கிலேயர் தரையில் விழுந்த காசைப் பிக்கப் செய்வார். நாம் அதைப் பொறுக்குவோம். அவர் ஜலதோஷத்தைப் பிக்கப் செய்வார். நமக்கு அது பிடிக்கும். ஹோட்டலில் நண்பருக்கும் சேர்த்து அவர் பில்லைப் பிக்கப் செய்வார். நாம் கொடுப்போம், அல்லது சரியான நேரத்தில் கை கழுவப் போவோம். சேத்தியாத்தோப்பில் எவரும் கீழே கிடக்கும் பத்து ரூபாயைப் பார்த்து "அதைப் பிக்கப் பண்ணு" என்று சொன்னதாகச் சான்றில்லை. ஆகவே தமிழ் இச்சொல்லை மொத்தக் கொள்முதலாக வாங்கவில்லை, சலித்துத்தான் எடுத்திருக்கிறது. சலிக்கிறவருக்கு ஒரு சல்லடை இருந்தாக வேண்டும். அந்தச் சல்லடையின் கண் அளவு என்ன என்பதே கேள்வி. இக்கட்டுரையின் விடை இது: தமிழில் பிக்கப் என்பது தொடக்கமும் அன்று, முடிவும் அன்று. ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட ஒன்று, நடுவழியில் தொய்ந்தோ விடுபட்டோ நிற்கையில், அதைத் தொட்டுத் தொடரச் செய்வதே பிக்கப். கீழே கிடக்கும் காசு எங்கும் புறப்படவில்லை. அதனால் அதற்குப் பிக்கப் இல்லை.

பட்டறையிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அங்கே சொல் தப்பினால் காசு வீணாகும். வண்டிக்கு வரும் நோய்களில் 'ஸ்டார்ட்டிங் ட்ரபிள்' வேறு, 'பிக்கப் இல்லை' வேறு. ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து யாரும் பிக்கப் சரியில்லை என்று சொல்வதில்லை. சொன்னால், மெக்கானிக் வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பார். வண்டி கிளம்பி, கியர் விழுந்து, ஆக்சிலேட்டரை முறுக்கியும் வேகம் ஏறாமல் முனகும்போதுதான் பிக்கப் என்ற பேச்சே வரும். அதற்குரிய சந்தேகங்களும் வேறு: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம், கார்புரேட்டர் கழுவ வேண்டியிருக்கலாம். அதே பட்டறையில் 'புல்லிங்' என்று மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு. அது சுமையோடு மேட்டில் ஏறும் வலுவைக் குறிக்கும். "வண்டி இழுக்கல" என்பது அதன் தமிழ். சமதரையில், தனியாளாக, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி மேலும் வேகம் கூட்டுவது மட்டும்தான் பிக்கப். புறப்பாடு, வேகமேற்றம், இழுவை என்று மூன்றையும் மூன்று சொல்லால் பிரித்து வைத்திருக்கும் ஒரு துறை, இரண்டாவது கட்டத்துக்கு மட்டுமே பிக்கப்பை ஒதுக்கியிருக்கிறது. இதற்கு மேல் கறாரான கலைச்சொல் ஒழுக்கத்தைப் பல்கலைக்கழகங்களிலும் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஆகச் சிறந்த சான்று பட்டறையில் இல்லை, ஆற்றில் இருக்கிறது. நீர்ப்பாசனப் பொறியாளர்களிடம் 'பிக்கப் அணைக்கட்டு' என்றொரு வழக்கு உண்டு. மேலே பெரிய அணை நீரைத் தேக்கி, பிறகு ஆற்றில் விடுகிறது. அந்த நீர் ஆற்றோடு சிறிது தூரம் ஓடி வந்ததும், கீழே தணிவான இன்னொரு அணை குறுக்கே நின்று அதைப் பிடித்துக் கால்வாய்களுக்குத் திருப்புகிறது. தென்பெண்ணையில் சாத்தனூர் அணைக்குக் கீழே இத்தகைய பிக்கப் அணை இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு அது 'பிக்கப் டேம்'. இந்தத் தொடரை ஆங்கிலக் கோப்பில் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். 'பிக்கப்' ஆங்கிலம், 'அனிகட்' என்பதோ தமிழின் அணைக்கட்டு ஆங்கிலத்துக்குப் போய்த் தொப்பி மாட்டிக்கொண்டு திரும்பிய வடிவம். இரு மொழிகளும் ஆளுக்கொரு சொல்லைப் பண்டமாற்றுச் செய்துகொண்டு கட்டிய தொடர் இது. அதைவிட முக்கியம், இங்கே நீர் எங்கும் 'அப்' என்று மேலே போவதில்லை, கீழேதான் பாய்கிறது. ஆங்கில இலக்கணத்தார் உயிராகக் கருதும் அந்த 'அப்' துணுக்கு திசைப் பொருளை முற்றாக இழந்த பிறகும் சொல் தளராமல் நிற்கிறது. அப்படியானால் சொல்லைத் தாங்கி நிற்பது உயரம் அன்று, இடைவழி.

சேத்தியாத்தோப்பின் நீர்வழியைப் பார்த்தால் இந்த இடைவழிக் கொள்கைக்கு ஊரே மாதிரி வடிவமாக அமைந்திருப்பது விளங்கும். வெள்ளாற்றின் நீரைத் தொழுதூரில் ஒரு கட்டு பிடிக்கிறது; அது விட்டதைப் பெலாந்துறை பிடிக்கிறது; நடுவில் கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வந்து கலக்கிறது; எல்லோரும் விட்ட மிச்சத்தைச் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு பிடித்து வெள்ளாற்று ராஜன் வாய்க்காலில் விடுகிறது. அதற்கும் தப்பியது பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போகிறது. இன்னொரு பக்கம் காவிரி. 1934-ல் முடிந்த மேட்டூர் அணை விட்ட நீர் முக்கொம்பு, கல்லணை ஆகிய இடங்களில் பங்கு பிரிந்து, கொள்ளிடத்தில் இறங்கி வருவதை, ஆர்தர் காட்டன் 1830களில் அணைக்கரையில் கட்டிய கீழணை பிடிக்கிறது. அங்கிருந்து வடவாறு அதை வீராணத்துக்குக் கொண்டு வருகிறது. பராந்தகச் சோழன் காலத்து அந்த ஏரி நிரம்பினால் உபரி நீர் சேத்தியாத்தோப்பு வழியாக வெள்ளாற்றில் இறங்கும். நிரம்பாவிட்டாலும் சேத்தியாத்தோப்பில் ஒரு நீரேற்று நிலையம் உண்டு. 2004 முதல் புதிய வீராணம் திட்டத்தில் ஏரி நீர் இங்கிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றப்பட்டு, 200 கி.மீ.க்கு மேற்பட்ட குழாய்ப் பயணத்தில் சென்னைக்குப் போய்ச் சேர்கிறது. குடகில் புறப்பட்ட நீருக்கும் சென்னையில் திறக்கும் குழாய்க்கும் நடுவே, ஆம்னி பஸ் பயணி நிற்கும் அதே ஊர்தான் பிக்கப் பாயிண்ட். பஸ்காரரும் குடிநீர் வாரியமும் கலந்து பேசி இதைச் செய்யவில்லை. நிலவியல் தானாக இலக்கணத்துக்கு உடன்பட்டிருக்கிறது.

அண்டை ஊர்களின் தொழில்களும் இதே சாட்சியம் அளிக்கின்றன. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலை எடுத்துக்கொள்வோம். இரண்டு முறை சுடும் வழியில், முதல் சூட்டில் வெந்து வரும் பொருளைப் 'பிஸ்கட்' என்பார்கள். அதைக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கும்போது எவ்வளவு கரைசலை அது உறிஞ்சிக்கொள்கிறது என்பதற்குப் பீங்கான் நுட்பத்தில் 'கிளேஸ் பிக்கப்' என்று பெயர். பிறகுதான் இரண்டாவது சூடு. பச்சைக் களிமண்ணுக்கும் இந்தப் பிக்கப் இல்லை, சூளையிலிருந்து பளபளப்பாக வெளிவந்த கோப்பைக்கும் இல்லை. இரண்டுக்கும் இடையில் நிற்கும் பிஸ்கட்டுக்கே உண்டு. முதல் சூட்டில் அளவுக்கு மீறி வெந்துவிட்டால் நுண்துளைகள் அடைபட்டுப் பிக்கப் குறைந்துவிடும். முதல் கட்டத்திலேயே முழுமை பெற்றுவிட்ட எதற்கும் பிக்கப் கிடையாது என்னும் துணைவிதி இதிலிருந்து கிடைக்கிறது. ஈரோடு, திருப்பூர்ச் சாயத்தொழிலிலும் இதே கணக்கு. 100 கிலோ துணி சாயத்தில் நனைந்து, உருளைகளுக்கிடையே பிழிபட்டு 170 கிலோவாக வெளியே வந்தால் பிக்கப் 70 சதவீதம். தறியிலிருந்து இறங்கிவிட்ட, ஆனால் கடைக்கு இன்னும் போகாத துணி அது. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு தருகிற விவசாயி இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்த வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விடுவதற்கு அவரிடம் 'மறுதாம்பு' என்ற அழகான சொல் இருக்கிறது. தமிழில் சொல் இருக்கும் இடத்தில் பிக்கப் மூக்கை நுழைப்பதில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறிப்பு நம்மை அடுத்த கேள்விக்குக் கொண்டு செல்கிறது. ஏன் இதை இரவல் வாங்கினோம்? தமிழருக்குத் தொடக்கத்தைக் குறிக்கச் சொல் பஞ்சமில்லை. பிள்ளையார் சுழி, கால்கோள், முகூர்த்தக்கால், பந்தக்கால், போணி, படபூஜை என்று எதைத் தொடங்கினாலும் பெயர் காத்திருக்கிறது. முடிவுக்கும் குறைவில்லை. கச்சேரிக்கு மங்களம், படத்துக்குச் சுபம், படப்பிடிப்புக்குப் பூசணிக்காய் உடைப்பு. நடுவில் தொய்ந்த காரியம் மீண்டும் எழுவதற்குத்தான் எல்லாத் துறைக்கும் பொதுவான பெயர் இல்லை. கடைக்காரர் பேச்சே இதற்குச் சாட்சி. காலையில் முதல் விற்பனை போணி. அதைப் பிக்கப் என்று ஒரு கடைக்காரரும் சொல்லமாட்டார். போணி ஆகி, பிறகு பதினொரு மணி வரை ஈ ஓட்டி, அப்புறம் கூட்டம் வந்தால்தான் பிக்கப். சினிமாவிலும் அப்படியே. முதல் நாளே திரையரங்கு நிரம்பி வழிந்த படத்துக்கு 'ஓப்பனிங்' என்று சொல்வார்கள், பிக்கப் என்பதில்லை. 1980-ல் ஒருதலை ராகம், 1999-ல் சேது என்று ஆரம்பத்தில் கவனிப்பாரற்று, பார்த்தவர் வாய்ச்சொல்லால் எழுந்த படங்களுக்கே அந்தப் பட்டம். போணிக்கும் மங்களத்துக்கும் இடையே நெடுங்காலமாகக் காலியாக இருந்த இருக்கையில் பிக்கப் வந்து உட்கார்ந்தது. யாரையும் எழுப்பிவிட்டு உட்காரவில்லை.

இங்கே தனித்தமிழ் அன்பர்கள் எழுந்து நிற்பார்கள். சூடு பிடித்தல், களைகட்டுதல், தேறுதல் எல்லாம் என்னவாயின என்பார்கள். நியாயமான கேள்வி, பதிலும் அதே அளவு நியாயமானது. தேர்தல் பிரசாரம் சூடு பிடிக்கும். வியாபாரமும் சூடு பிடிக்கும். ஆனால் "வண்டி சூடு பிடித்துவிட்டது" என்று பட்டறையில் சொன்னால் எஞ்சின் ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர யாரும் வாழ்த்தமாட்டார்கள். திருவிழா களைகட்டும், அணைக்கட்டு களைகட்டினால் ஆகாயத்தாமரையை அகற்ற ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். நோயாளி தேறுவார், மாணவர் தேறுவார். குறுக்குரோட்டில் நிற்கும் பயணி தேற வேண்டிய அவசியமில்லை, ஏறினால் போதும். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் தத்தம் துறையில் மன்னர்கள். துறை எல்லையைத் தாண்ட அவற்றுக்கு அனுமதி இல்லை. பிக்கப் ஒன்றுதான் எஞ்சினிலிருந்து சினிமாவுக்கும் சினிமாவிலிருந்து மதகுக்கும் கடந்து போகிறது. நாளை ஒருவர் இந்த எல்லாத் துறைக்கும் பொருந்தும் தமிழ்ச்சொல் ஒன்றைத் தந்து, அதைப் பட்டறையும் ஏற்றுக்கொண்டால், இக்கட்டுரைக்கு மறுப்பில்லை. கட்டுரை ஏற்பதைவிடப் பட்டறை ஏற்பது கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் தொழில்நுட்பம் தெரிந்தவரிடமிருந்து வரும். டூவீலரில் 'பிக்கப் காயில்' என்று ஒரு பாகம் உண்டு. அது போய்விட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஆகவே பிக்கப்புக்கும் தொடக்கத்துக்கும் உறவு உண்டு என்பார் அவர். கொள்கையைக் கவிழ்க்கக் கூடிய வாதம்தான், ஆனால் காயில் வேலை செய்யும் முறையை அறிந்தால் அது நம் பக்கமே சாயும். கிக்கரை உதைத்ததும் கிராங்க் சுழல்கிறது; அதோடு சேர்ந்து மேக்னெட் சுழல்கிறது; சுழலும் மேக்னெட்டின் மேடு காயிலைக் கடக்கும் கணத்தில் அதில் ஒரு மின்துடிப்பு எழுகிறது; அந்தத் துடிப்பைக் கண்டு சி.டி.ஐ. பெட்டி பிளக்குக்கு உத்தரவு தருகிறது. அதாவது காலால் கொடுத்த முதல் அசைவு இல்லாமல் பிக்கப் காயிலுக்குப் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. உதைத்தவர் தொடங்கினார், காயில் நடுவில் பிடித்துக் கொடுத்தது. பழைய இசைத்தட்டுப் பெட்டியின் 'பிக்கப்' முள்ளும் இதே குடும்பம். எப்போதோ பாடி முடித்துப் பள்ளத்தில் விட்டுப்போன குரலை அது பிடித்து ஒலிபெருக்கிக்குத் தொடர்ந்து அனுப்பியது. பாடகருக்குப் பதிலாக முள் பாடியதாக எவரும் சொல்லவில்லை.

தொலைபேசிக்காரர் ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. போனை எடுப்பதுதானே பேச்சின் தொடக்கம், அதையும் பிக்கப் என்கிறார்களே என்பார். இங்கே கூர்ந்த காது வேண்டும். பெரும்பாலோர் சொல்வது "போனை பிக் பண்ணல" என்றுதான், 'அப்' உதிர்ந்துவிட்டது. இலக்கணம் படிக்காத கோடிக்கணக்கான வாய்கள், இந்த இடத்தில் முழுச்சொல் பொருந்தவில்லை என்று உணர்ந்து வாலைக் கத்தரித்திருக்கின்றன. கத்தரிக்காமல் "பிக்கப் பண்ணல" என்று சொல்பவரும் உண்டு. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அழைத்தவர் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார், மணி அடித்துக்கொண்டிருக்கிறது, எடுக்கிறவர் நடுவில் வந்து சேர்கிறார். அடுத்ததாக, "வீட்டுக்கே வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்" என்று கார்காரர் சொல்வதைக் காட்டி, வீடு பயணத்தின் தொடக்கமல்லவா என்று மடக்குவார்கள். பயணிக்கு அது தொடக்கம். சொல் பயணிக்குரியது அன்று, காருக்குரியது. கார் வேறெங்கோ புறப்பட்டு, வழியில் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. கார் தன் ஷெட்டிலிருந்து வெளியே வருவதை யாராவது பிக்கப் என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வண்டியின் பெயர். மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் வந்த பிறகு, மூட்டை ஏற்றும் நடுத்தர வண்டிக்கு எங்கும் பிக்கப் என்றே பெயர். அது நின்றாலும் பிக்கப், பஞ்சராகிக் கிடந்தாலும் பிக்கப்; இடைவழி எங்கே வந்தது? சரக்குப் போக்குவரத்தின் வரிசையைப் பார்த்தால் வந்துவிடும். வயல் வரப்பிலிருந்து மூட்டையை வெளியே கொண்டுவருவது தலைச்சுமையும் மாட்டுவண்டியும் டிராக்டரும். மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவது லாரி. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள துண்டுக்கு, ரோட்டோரம் கிடக்கும் மூட்டையைச் சந்தை வரை கொண்டுசேர்க்கும் அந்தச் சிறு தூரத்துக்கு, இந்த வண்டி. அதைவிடச் சிறிய டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது, நம்மவர்கள் அதற்குப் பிக்கப் என்ற பெயரைக் கொடுக்கவில்லை, குட்டியானை என்றார்கள். உருவத்தால் பெயர் வைக்க வேண்டிய வண்டிக்கு உருவத்தாலும், வழியால் பெயர் வைக்க வேண்டிய வண்டிக்கு வழியாலும் பெயர் வைத்த இந்த நிதானத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. காதல் விவகாரத்துக்கும் இதே அளவுகோல் போதும். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றிய கல்யாணத்தை எவரும் பிக்கப் என்பதில்லை. அது முறையாகத் தொடங்கிய காரியம். பஸ்ஸில் தினமும் போய்வந்து, ஒரு நாள் நடுவழியில் நேர்ந்துவிட்ட பழக்கத்துக்கே அந்தப் பெயர்.

இனி ஊர் பற்றிய ஆட்சேபம். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைப் பணியை மூன்று பிரிவாகப் பிரித்தபோது முதல் பிரிவு சேத்தியாத்தோப்பில் முடிகிறது, இரண்டாவது அங்கே தொடங்கிச் சோழபுரம் போகிறது. தொடக்கமும் முடிவும் இல்லாத ஊர் என்று எப்படிச் சொல்லலாம் என்று நெடுஞ்சாலைத் துறையின் பெயரால் கேட்கப்படலாம். ஒரு பிரிவு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது என்றால், முன்னது விட்டதைப் பின்னது எடுத்துக்கொள்கிறது என்று பொருள். நாம் இவ்வளவு நேரம் விளக்கிக்கொண்டிருப்பதைத் துறை ஒப்பந்தப் பத்திரத்தில் சுருக்கமாக எழுதியிருக்கிறது. இதே வழியில் 'பிக்கப் அண்ட் டிராப்' என்ற விளம்பரப் பலகையையும் திருத்த வேண்டும். டிராப் என்பது பிக்கப்பின் எதிர்ச்சொல் என்று அது மயங்க வைக்கிறது. டிராப் முடிவைக் குறிப்பது. பிக்கப்பின் உண்மையான இணை, அதற்கு முன் நிகழும் 'விடுதல்'. மேட்டூர் விட வேண்டும், வீராணம் பிடிக்க. மறுதாம்பு விட வேண்டும், கரும்பு எழ. படம் ஒரு வாரம் கைவிடப்பட வேண்டும், மூன்றாவது வாரம் தூக்க. விடுதல் இல்லாத இடத்தில் பிக்கப் நிகழ வழியே இல்லை.

எஞ்சியிருப்பது இலக்கணப் பதிவு. தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொல்லில் இதை இயற்சொல் என்று சொல்ல மனச்சாட்சி இடம் தராது. திரிசொல் என்றால் கற்றோர்க்கு மட்டும் விளங்க வேண்டும், இதுவோ கல்லாதார்க்கே நன்றாக விளங்குகிறது. வடசொல் என்றால் வடக்கே போதாது, இன்னும் வடமேற்கே போக வேண்டும். மிஞ்சுவது திசைச்சொல். ஆங்கிலத்தில் வினையாக இருந்தது தமிழில் பெயராகி, 'பண்ணு' சேர்ந்தால் செயப்படுபொருளை ஏற்கும், 'ஆகு' சேர்ந்தால் ஏற்காது, 'இல்லை' சேர்ந்தால் மெக்கானிக்குக்கு வருமானம். ஆங்கிலேயர் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஆளை நுழைத்துப் பேசுவார். நாம் துண்டுகளைப் பற்றவைத்துவிட்டு ஆளை முன்னால் நிறுத்துகிறோம். எனவே அகராதி இப்படிக் குறிக்கலாம்: பிக்கப், பெயர்ச்சொல், புறப்பட்டபின் தொய்ந்த அல்லது விடப்பட்ட ஒன்றை இடைவழியில் பிடித்துத் தொடரச் செய்தல். இந்த வரையறையை மறுக்க விரும்புவோர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தும் கிளம்பாத ஒரு வண்டியைத் தள்ளிப்போய், "பிக்கப் மட்டும் பார்த்துக் கொடுங்கண்ணே" என்று கேட்டு, அதைச் சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு மெக்கானிக்கைக் காட்டினால் போதும். அப்படி ஒருவர் அகப்பட்டால் இந்தக் கொள்கையைக் கைவிடுவதில் தயக்கமில்லை. ஆனால் வண்டியை மட்டும் அவரிடம் விடாதிருப்பது நல்லது.